அத்தாவின் மூன்று கியர் சைக்கிள்



உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் பரணிலும் என்னென்ன கிடக்கின்றன என்று என்றேனும் கணக்கெடுத்ததுண்டா? ஈயம் போன அண்டா, கால் ஒடிந்த தொட்டில், ஓடாத தையல் இயந்திரம் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதேனும் ஒன்று இருக்கத்தான் செய்யும். பயன்படுத்தவும் மாட்டோம், தூக்கி எறியவும் மனம் வராது. இராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் அப்படிக் கிடந்தது, மர்ஹூம் என் அத்தா அவர்கள் ஓட்டிய சைக்கிள். 22 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

அதை என் கையாலேயே பழுதுபார்த்து மீண்டும் ஓட வைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். சைக்கிளைப் பற்றி எழுத ஒரு மதரஸா ஆசிரியனுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையோடு படியுங்கள். இதைச் சொல்லும்படி எனக்கு ஒருவர் இட்ட கட்டளை இருக்கிறது. அது யார் இட்டது, எதற்காக இட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புயல் வெளிக்கொணர்ந்த சைக்கிள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயலை வடசென்னை மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். எங்கள் மாடியில் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை பெயர்ந்து விழுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு மேலே ஏறிப் பார்த்தால், இத்தனை காலமும் சாக்குப் படுதாவுக்குள் ஒளிந்திருந்த சைக்கிள் வெட்டவெளியில் சாய்ந்து கிடந்தது. "இதைக் காயலான் கடையில் போட்டுவிட்டால் துணி உலர்த்தவாவது இடம் கிடைக்கும்" என்றார் என் மனைவி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பழைய இரும்பு வாங்கும் கடைக்குக் காயலான் கடை என்று பெயர் வந்தது எப்படித் தெரியுமா? காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அந்த வணிகத்தில் முன்னோடிகளாக இருந்தமையால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவுக்கு வந்த இரும்புக் கடைக்காரர் சைக்கிளை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார். "கிலோ கணக்குலதான் எடுப்பேன் பாய்" என்றார். அவர் தூக்கியபோது பின்சக்கரம் தானாகச் சற்றுச் சுழன்றது. அதன் நடுவிலிருந்து 'டிக், டிக், டிக்' என்று ஓர் ஓசை வந்தது.

அந்த ஓசை எனக்குப் பழக்கமானது. சிறுவனாக இருந்தபோது, மாலையில் அத்தா தெருமுனையில் திரும்பும்போதே அந்த ஓசை வீட்டுக்குள் கேட்கும். அம்மா அடுப்பில் தேநீர்ப் பாத்திரத்தை ஏற்றுவார்கள். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

நாட்டிங்ஹாமிலிருந்து இராயபுரம் வரை

அத்தா துறைமுகத்தில், சரக்குகளைச் சுங்கம் கழித்து எடுத்துக் கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார்கள். 1974-இல் மூர் மார்க்கெட்டில் அந்தச் சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கினார்கள். 1985-இல் தீக்கிரையான அந்த மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் என்று ஒன்று கிடைக்காமல் போனதில்லை. அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ராலே சைக்கிள். முகப்பில் நாரையின் தலை பொறித்த உலோக முத்திரை, கறுப்பு வண்ணம், கம்பி பிரேக், பின்சக்கரத்தின் நடுவே சற்றுப் பருத்த ஒரு ஹப். அந்த ஹப்பில் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்ற பெயரும், 'ஏ டபிள்யூ' என்ற எழுத்துகளும், 58 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அது 1958-ஆம் ஆண்டின் தயாரிப்பு என்பதற்கு அந்த எண்ணே சான்று.

அக்காலத்தில் வடசென்னை சைக்கிள்களின் ஊராக இருந்தது. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கும், விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும், எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கும், எண்ணூர் அசோக் லேலண்டுக்கும் ஷிப்டு நேரத்தில் சைக்கிள்கள் ஆறு போல் ஓடும். அவற்றில் பெரும்பாலானவை அம்பத்தூரில் செய்யப்பட்ட ஹெர்குலிஸ் போன்ற கியர் இல்லாத சைக்கிள்கள். மேடு பள்ளம் இல்லாத நம் ஊரில் கியர் எதற்கு என்று கேட்பார்கள். மாலையில் கடற்காற்றை எதிர்த்து எண்ணூர்ச் சாலையில் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அத்தாவின் வலக்கை அருகே ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் தட்டினால் மிதிப்பது இலகுவாகும்.

அந்த ஹப்பின் வரலாறு எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அதில் ஒரு செய்தி என் மனத்தில் தைத்துவிட்டது. ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. ஆனால் 1902-இல் அந்தப் பொறியமைப்பை உருவாக்கியவர் வில்லியம் ரெய்லி என்ற வேறொரு பொறியாளர். முன்னரே ஒரு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அவர் கையைக் கட்டிப் போட்டிருந்தமையால், காப்புரிமையைத் தம் நண்பர் ஆர்ச்சரின் பெயரில் பதிவு செய்ய நேர்ந்தது. ராலே நிறுவனத்தின் அதிபர் ஃபிராங்க் பவ்டன் 1903-இல் நாட்டிங்ஹாமில் அதன் உற்பத்திக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். உலகெங்கும் கோடிக்கணக்கான வீதிகளில் அந்த ஹப் சுழன்றது. ரெய்லியின் பெயர் மட்டும் அதில் இல்லை. ஒருவருடைய திறமை மற்றவர் பெயரில் போய்ச் சேர்ந்தது. ஒருவருடைய தவறும் அப்படி மற்றவர் பெயரில் போய்ச் சேர்வதுண்டு என்பதைப் பின்னர் பாருங்கள்.

புளியும் டீசலும்

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு மாடியில் அமர்ந்தேன். துணைக்கு என் இளைய மகள், வயது 12. நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். இயந்திரம் பற்றி எதுவும் அறியாதவன். ஆகவே, இதே முயற்சியில் இறங்க விரும்பும் வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

துருப்பிடித்த ஹேண்டில்பாரையும் பிரேக் கம்பிகளையும் கரைத்த புளியில் ஒரு நாள் ஊற வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம். பித்தளைப் பாத்திரத்துக்கு அம்மா செய்யும் அதே வைத்தியம்தான். முலாம் பெயர்ந்த இடங்களைத் தவிர மற்றவை பளபளத்தன. சட்டத்துக்குப் புது வண்ணம் அடிக்கவில்லை. சோப்பு நீரில் கழுவி எண்ணெய்த் துணியால் துடைத்தோம். அத்தாவின் காற்சட்டை உராய்ந்து உராய்ந்து வெளுத்த இடம் ஒன்று நடுக்குழாயில் உண்டு. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பெடல் தண்டின் கோட்டர் பின் இரண்டும் அசைய மறுத்தன. டீசல் விட்டு ஒரு வாரம் காத்திருந்து, அடியில் கட்டை முட்டுக் கொடுத்துத் தட்டிய பிறகே வெளியே வந்தன. முன்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின்சக்கரத்தில் 40. அவற்றில் 11 அரித்துப் போயிருந்தன. 28-க்கு ஒன்றரை அளவுள்ள டயர் நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. தோல் இருக்கையை எலி தின்றுவிட்டிருந்தது. அதற்கு மட்டும் புதியது வாங்கினோம்.

எஞ்சியது அந்த ஹப். அதுதான் நோயின் இருப்பிடம் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். உள்ளே பற்கள் உடைந்திருக்கும், ஏதோ ஒன்று தவறாக மாட்டப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லும் முன் ஹப்பைத் திறப்போம்.

இடப்புறக் கோனைக் கழற்றிய பின், வலப்புறத்து வளையம் இருந்த இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டு, சுத்தியலாலும் பன்சாலும் தட்டித் திருப்ப வேண்டும். திரும்பியதும் உள்ளிருக்கும் பொறி முழுவதும் ஒரே கொத்தாகக் கையில் வந்துவிடும். டீசலில் கழுவி, வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி வைத்தோம். நடுவில் அசையாத ஒரு பற்சக்கரம். அதைச் சுற்றி ஓடும் நான்கு சிறு சக்கரங்கள். அவற்றைத் தழுவி நிற்கும் பெரிய வளையம். சூரியனும் கோள்களும் போன்ற அமைப்பு என்று பொறியாளர்கள் இதைச் சொல்கிறார்கள். என் மகள் பற்களை எண்ணினாள். நடுச் சக்கரத்தில் 20, வளையத்தில் 60. சங்கிலியின் விசை வளையத்தில் ஏறிக் கோள்களின் வழியாக வெளியேறினால், ஹப்பின் மீதுள்ள பல்சக்கரத்தின் வேகத்தில் முக்கால் பங்குதான் பின்சக்கரத்துக்குக் கிடைக்கும்; காலுக்குச் சுமை குறையும். கோள்களில் ஏறி வளையத்தின் வழியாக வெளியேறினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். நடுக் கியரில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. 60-உம் 20-உம் சேர்ந்து 80. அந்த 80-ஐ வைத்து அவளே தாளில் கணக்குப் போட்டு நிறுவிக் காட்டினாள்.

வியப்பு என்னவென்றால், உள்ளே எதுவுமே கெட்டிருக்கவில்லை. ஒரு பல் உடையவில்லை. மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகள் தத்தம் இடத்தில் இருந்தன. பழைய எண்ணெய் கறுத்துப் படலமாகி எல்லாவற்றையும் காத்து நின்றது. யாரோ ஒருவர் மிகுந்த அக்கறையோடு அதைக் கோத்து வைத்திருந்தார்.

மகள் கேட்ட கேள்வி

கைப்பேசியில் அந்த ஹப்புக்கான பழைய வழிகாட்டி ஒன்றைத் தேடி எடுத்தோம். ஹப்பின் அச்சுக்குள்ளிருந்து ஒரு சிறு சங்கிலி வெளியே வந்து, ஒரு திருகு மூலம் கியர் கம்பியோடு இணைகிறது. நடுக் கியரில் நெம்பு நிற்கும்போது, அச்சுக்குள் தெரியும் தண்டின் தோள்பகுதி அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும்வரை திருகை முறுக்கிப் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இது தளர்ந்தால் என்ன ஆகும்? இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே எதையும் பற்றாத ஒரு வெற்றிடம் அந்த ஹப்பில் உண்டு. கம்பி தளர்ந்த சைக்கிள் அந்த இடத்தில் சிக்கினால், மிதிக்கும் பெடல் பிடிமானமே இல்லாமல் சட்டென்று சுழன்றுவிடும்.

மகள் படித்துக்கொண்டே, கழற்றி வைத்திருந்த சங்கிலியைக் கையில் எடுத்தாள். துருவால் இறுகி, 22 ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையிலேயே அது உறைந்து போயிருந்தது. திருகு நாலைந்து மரைகளில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. பூட்டு நட்டு இறுக்கப்படாமல் தொலைவில் நின்றது. அச்சின் ஒருபக்க வாஷரும் திருப்பிப் போடப்பட்டிருந்தது.

"உள்ளே இவ்வளவு சரியாகச் செய்தவர் வெளியே ஏன் இப்படி விட்டார், அத்தா? இதைக் கடைசியாகக் கழற்றியது யார்?" என்று அவள் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அதே கேள்வியை 2001-இல் இன்னொருவர் என்னிடம் கேட்டிருந்தார் என்பது அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது.

அந்த வியாழக்கிழமை

2001-இல் நான் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரை அத்தா 'மேஸ்திரி' என்று அழைப்பார்கள். அவர் அத்தாவை 'பாய்' என்பார். இருபது ஆண்டுக் கால நட்பு. நாள்தோறும் மாலையில் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்துவார்கள். நோன்புக் கஞ்சி அவர் வீட்டுக்குப் போகும். பொங்கல் கரும்பு எங்கள் வீட்டுக்கு வரும். மூன்று கியர் ஹப்பைத் திறந்து மூடத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அத்தாவின் சைக்கிளை முழுமையாக ஓவராயில் செய்து கொடுத்தார். புதன்கிழமை இரவு பின்சக்கரத்து டியூப் வால்வோடு கிழிந்துவிட்டது. கடை சாத்தியிருந்தது. நான் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கி, தெருவிளக்கின் அடியில் சக்கரத்தைக் கழற்றி, புது டியூப் போட்டு மாட்டினேன். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் அந்தக் கியர் சங்கிலியையும் கழற்றியாக வேண்டும். மாட்டும்போது கைக்கு வந்தபடி இரண்டு சுற்றுச் சுற்றி விட்டேன். "பரவாயில்லையே, கைத்தொழிலும் வருகிறதே" என்று அத்தா மகிழ்ந்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை மாலை, ரயில் பாதையின் மேலுள்ள மேம்பாலத்தின் ஏற்றத்தில் அத்தா எழுந்து நின்று மிதித்தபோது பெடல் பிடிமானம் இழந்து சுழன்றது. அத்தா தார்ச்சாலையில் விழுந்தார்கள். இடது முழங்கால் சில்லு நொறுங்கியது. ஸ்டான்லி மருத்துவமனையில் பல நாட்கள் இருந்தார்கள். அதன் பிறகு அத்தா தாங்கித் தாங்கியே நடந்தார்கள். தொழுகையில் சுஜூதுக்குக் குனிய முடியாமல் கடைசிவரை நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள். வேலையும் போயிற்று. மேற்கொண்டு எம்.ஏ. படிக்கும் என் எண்ணமும் அத்தோடு நின்றது.

அந்த ஆத்திரத்தில் நான் சைக்கிள் கடை முன் போய் நின்றேன். தெருவே கேட்கும்படி அவரைத் திட்டினேன். குடித்துவிட்டு வேலை பார்த்தார் என்றுகூடச் சொன்னேன். அவர் குடிக்காதவர். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நான் கொடுத்த பிறகு வேற யாராவது சக்கரத்தைக் கழட்டினீங்களா தம்பி?"

நான் "இல்லை" என்றேன்.

வாசகர்களே, மறந்து சொன்னேனா, மறைத்துச் சொன்னேனா என்று என் மனத்தை இன்று எவ்வளவோ துருவிப் பார்க்கிறேன். டியூப்புக்கும் கியருக்கும் என்ன தொடர்பு என்ற அறியாமை இருந்தது உண்மை. ஆனால் புதன்கிழமை இரவு என் நினைவில் இருந்தது என்பதும் உண்மையாகவே தோன்றுகிறது. அந்த 'இல்லை'யைத் தெருவார் நம்பினார்கள். அத்தாவும் நம்பினார்கள். ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், அந்தக் கடைப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அவர் கடையை மூடிவிட்டுத் தெருவை விட்டே போய்விட்டார். 2011-இல் அத்தா மௌத்தானபோது, ஜனாஸா பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில், எதிர்ப்புறச் சுவரோரம் அவர் நிற்பதைக் கண்டேன். நான் பார்க்காதவன் போல் நடந்துவிட்டேன்.

நாள்தோறும் சிறுவர்களுக்கு நான் கற்பிக்கும் பாடம் இது: இறைவனுக்குச் செய்ய வேண்டிய கடமையில் குறை வைத்தால் அவனிடம் மன்றாடலாம், மனிதருக்கு இழைத்த அநீதியை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய பாடம் அன்று துருப்பிடித்த சங்கிலி வடிவில் என் மகளின் உள்ளங்கையில் கிடந்தது.

எண்ணூர்ச் சாலையில்

புதிய சங்கிலி ஒன்றை இணைய விற்பனையில் வரவழைத்தேன். நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000-இல் மூடப்பட்டுவிட்டாலும், தைவான் நாட்டு நிறுவனம் ஒன்று அந்தப் பெயரை வாங்கி உற்பத்தியைத் தொடர்கிறது. சுண்டுவிரல் நீளப் பொருள்தான் அது. தேநீர்க் கடையில் விசாரித்ததில், மேஸ்திரி தம் மகளோடு எண்ணூரில், கத்திவாக்கம் பக்கம் இருப்பதாகத் தெரிந்தது.

ரமளான் பிறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஃபஜ்ர் தொழுத கையோடு அத்தாவின் சைக்கிளில் புறப்பட்டேன். பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சைக்கிளை அவர் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். காசிமேட்டில் ஏலக் கூச்சல் தொடங்கியிருந்தது. ஒருபுறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். மறுபுறம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. இரண்டாம் கியரிலேயே மிதித்தேன். ஒவ்வொரு மிதிப்பிலும் உள்ளிருந்து அந்த 'டிக், டிக்' ஓசை. திருவொற்றியூர் தாண்டியபோது இதயத்தின் படபடப்பு அந்த ஓசையை விட மிகுதியாக இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட ஒருமுறை நின்றேன்.

அவர் வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். எழுபதைக் கடந்த வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் சைக்கிளைப் பார்த்தார். எழுந்து வந்து, கேட்காமலே இருக்கையைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுழற்றி, மூன்று கியரையும் மாற்றிப் பார்த்தார். பிறகு அச்சின் முனையை விரலால் தடவி, கியர்த் திருகை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டினார். "அரை சுத்து கம்மியா இருந்துச்சு" என்றார். அதன் பிறகுதான் நிமிர்ந்து, "பாய் புள்ளதானே நீ?" என்று கேட்டார்.

நான் நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை இரவு, கிழிந்த டியூப், இரவல் ஸ்பேனர், நான் சொன்ன 'இல்லை' வரை எதையும் விடவில்லை. கேட்டு முடித்த பின் நெடுநேரம் அவர் பேசவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க, அண்ணே."

"சரியாத்தான் மாட்டினேன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனாலும் ராத்திரியில அப்பப்போ சந்தேகம் வரும். ஒருவேளை நம்ம கைதான் தப்பு பண்ணிடுச்சோன்னு. அப்புறம் அந்த மாதிரி ஹப்பை நான் தொடவே இல்ல."

இதைக் கேட்டபோது என் கால்கள் தளர்ந்தன. அவருடைய நற்பெயரைக் கெடுத்தேன் என்று மட்டுமே எண்ணி வந்திருந்தேன். ஒரு தொழிலாளிக்குத் தம் கையின் மீதிருந்த நம்பிக்கையையும் சேர்த்து நான் பறித்திருந்தேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணே" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மகளிடம் தேநீர் கொண்டு வரச் சொன்னார். குடித்து முடித்த பின் இப்படிச் சொன்னார்: "பாய் தவறினப்போ வந்தேன். உள்ளே வர மனசு வரல. அவர்கிட்ட நீ இதைச் சொல்ல முடியாது. மத்தவங்களுக்குச் சொல்லலாம். அன்னிக்குத் தெருவுல நின்னு சொன்னே. இதையும் தெருவுல நின்னே சொல்லு."

அந்தக் கட்டளையின்படி

வாசகர்களே, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட கட்டளை இதுதான். அன்று அஸருக்குப் பின், அந்தச் சைக்கிள் கடை இருந்த இடத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடை வாசலில் நின்று சொன்னேன். அங்கே இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் இருவர் அவ்வழியே வந்து நின்றார்கள். அவர்கள் முன்னிலையிலும் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்ட முதியவர்கள் மூன்று பேர்தான். 2001-இல் என் கூச்சலைக் கேட்டவர்களில் பலர் இன்று கபரில் உறங்குகிறார்கள். சிலர் ஊர் மாறிப் போய்விட்டார்கள். பொய் போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் உண்மையைக் கொண்டு சேர்க்க இப்போது வழியில்லை. இரண்டு நண்பர்கள் ஒரே பெஞ்சில் அருந்தியிருக்க வேண்டிய பத்தாண்டுத் தேநீரையும் என்னால் மீட்டுத் தர முடியாது. அந்தத் தெரு போதாது என்பதால்தான், உங்கள் இல்லங்களுக்கு வரும் இந்த ஏட்டின் வாசலிலும் வந்து நின்று சொல்கிறேன்: என் அத்தா விழுந்ததற்குக் காரணம் நான், அந்தச் சைக்கிள் கடைக்காரர் குற்றமற்றவர்.

நம் இல்லங்களில் ஒரு துன்பம் நேர்ந்தவுடன், 'யார் செய்தது?' என்று கேட்டு ஒருவர் பெயரைச் சூட்டிவிடுகிறோம். வீட்டு வேலை செய்யும் பெண்மணி மீதும், மருந்து கொடுத்த கடைக்காரர் மீதும், மருமகள் மீதும் அந்தப் பெயர் எத்தனை எளிதாக ஒட்டிக்கொள்கிறது! நமக்கு முன்னால் நிற்பவர் 'வேறு யாராவது தொட்டீர்களா?' என்று கேட்டால், பதில் சொல்லும் முன் ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மாடியிலும் ஒரு பழம்பொருள் கிடந்தால், காயலான் கடைக்குக் கொடுப்பதற்கு முன் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

பழைய மூன்று கியர் சைக்கிள் வைத்திருப்போருக்கு இன்னும் ஒன்று. அந்த ஹப்பில் எண்ணெய் விட ஒரு சிறு துளை உண்டு. மாதம் ஒருமுறை சில சொட்டு இயந்திர எண்ணெய் விட்டால் போதும். சமையல் எண்ணெய் விட்டால் பிசினாகி எல்லாவற்றையும் பற்றிக்கொள்ளும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஏறாதீர்கள்.

என் சைக்கிளுக்கு மாதந்தோறும் எண்ணெய் விடுபவர் மேஸ்திரிதான். அதற்காகவே எண்ணூர் வரை மிதித்துப் போகிறேன். அவர் கையை மறுபடியும் அந்த ஹப்பில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை; முதல் மாதம் தயங்கினார், இப்போது தயங்குவதில்லை. திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்துகிறோம். அத்தாவைப் பற்றி எனக்குத் தெரியாத பலவற்றைச் சொல்கிறார். மன்னித்தேன் என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. அவரை வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை. அந்தச் சொல் அவருக்கோ எனக்கோ அழைப்பு வரும் முன் வந்து சேர, நீங்கள் அனைவரும் துஆ செய்ய வேண்டுகிறேன்.